திரும்பி வந்தவர்களுக்கு என்ன வேலை இருந்தது?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு 'உலகமயமும் அறிவுப் பொருளாதாரமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அயர்லாந்து, இஸ்ரேல், சிங்கப்பூர், எஸ்தோனியா என்று நாட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசிவிடலாம். அப்படிப் பேசினால் வீட்டுக்குப் போகும்போது எதுவும் மனத்தில் தங்காது. அதனால் ஒரே ஒரு தீவை எடுத்துக்கொள்கிறேன். கேரளத்தைவிடச் சற்றுச் சிறிய நிலப்பரப்பு கொண்ட தைவான். உங்களில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியின் மூளை அங்கே செய்யப்பட்டது. அந்தக் கைப்பேசி ஐஃபோனாக இருந்தால், அதை ஒன்றுசேர்த்தது நம் திருப்பெரும்புதூரில் உள்ள தைவான் நிறுவனமாகவும் இருக்கலாம். மூளை அங்கே, ஒன்றுசேர்ப்பு இங்கே. இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு.

1960களின் தைவானை நினைத்துப் பாருங்கள். வாழைப்பழமும் சர்க்கரையும் ஏற்றுமதி செய்த நாடு. ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. நன்றாகப் படித்த பிள்ளைகள் தைவான் பல்கலைக்கழகத்தில் சேருவார்கள். பட்டம் வாங்கியதும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவார்கள். இந்த வரிசையை வைத்து மாணவர்களிடையே ஒரு சொலவடையே புழங்கியது. போனவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, ஆசியர்களை ஒதுக்கி வைத்திருந்த பழைய முறையை நீக்கியது. அதற்குப் பிறகு கதவு இன்னும் அகலத் திறந்தது. நம் ஊரில் அதே ஆண்டுகளில் நடந்ததும் இதுவேதான். கிண்டிப் பொறியியல் கல்லூரியிலிருந்தும், 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்தும் போனவர்களின் குடும்பங்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும்.

ஒரே நோய்க்கு இரண்டு நாடுகளும் மருந்து தேடின. இந்தியா 1958இல் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் பொறுப்பில், வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கு என்று ஒரு தொகுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. திரும்பி வருகிறவருக்கு ஓர் உதவித்தொகை, ஏதாவது ஓர் ஆய்வகத்தில் தற்காலிக இடம். நிரந்தர வேலையை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு தேசம் தன் மிகச் சிறந்த பிள்ளைகளிடம் 'வா, வந்து காத்திரு' என்று சொன்னது. தைவானும் 1966இல் இளைஞர் ஆணையம் ஒன்றை அமைத்து, பயணச் செலவு கொடுத்து, வேலை தேடவும் உதவியது. அதுவும் பெரிதாகப் பலன் தரவில்லை. பயணச் சீட்டு கிடைக்காததால் யாரும் அயல்நாட்டில் தங்கிவிடவில்லை. அவர்கள் கற்றுக்கொண்ட தொழிலைச் செய்வதற்கு ஊரில் ஓர் இடம் இல்லை. அதுதான் காரணம்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். படித்தவர்கள் திரும்பி வந்த நாடுகளில், அவர்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்களுக்கான வேலையை யாரோ பாடுபட்டு உண்டாக்கி வைத்திருந்தார்கள். அந்த யாரோவைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

முதலில் கொரியாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். தைவான் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டது. 1965இல் கொரிய அதிபர் பாக் சுங்-ஹீ அமெரிக்கா சென்றபோது, வியட்நாம் போருக்குக் கொரியப் படைகள் போவதையொட்டி, கொரியாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அமைக்க அதிபர் ஜான்சன் உதவ ஒப்புக்கொண்டார். 1966இல் பிறந்த அந்த நிறுவனத்தின் பெயர் கிஸ்ட். அதன் முதல் தலைவர் சோ ஹியுங்-சோப், உலோகவியல் படித்தவர். அவர் அமெரிக்காவில் வாழ்ந்த கொரிய விஞ்ஞானிகளை நேரில் தேடிப்போய்ப் பார்த்தார். உலகப் புகழ் பெறும் ஆய்வுக்கு இங்கே இடமில்லை, கொரியத் தொழிற்சாலைகளுக்கு இன்று தேவைப்படுவதைச் செய்ய வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். அதை ஏற்றவர்களுக்கு வீடு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் சம்பளத்தைப் போலப் பல மடங்கு சம்பளம். அவர்களில் சிலருடைய ஊதியம் அதிபரின் ஊதியத்தையே மிஞ்சியது என்பார்கள். பேராசிரியர்கள் கொதித்தார்கள். அதிபர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ஒரு சர்வாதிகாரி என்பதை மறந்துவிட்டு நான் இதைப் பாராட்டவில்லை. பின்னால் அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

தைவானின் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான் இந்த கிஸ்டைப் போய்ப் பார்த்தார். ஊர் திரும்பி, அதுபோல ஒன்று நமக்கும் வேண்டும் என்றார். அரசுப் பணத்தில் நடக்கும், ஆனால் அரசு ஊழியர் சம்பள விதிகளுக்குக் கட்டுப்படாத நிறுவனமா என்று சட்டமன்றத்தில் கடும் எதிர்ப்பு. அவர் அந்த உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. கடைசியில் 1973இல் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. சுருக்கமாக இட்ரி என்பார்கள்.

அது எப்படிப்பட்ட நேரம் என்பதையும் கவனியுங்கள். 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் இருந்த இடம் பறிபோயிருந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. அன்றுவரை தைவானின் அந்நியச் செலாவணியில் பெரும் பங்கு, 1966இல் தொடங்கிய காவ்ஷியுங் ஏற்றுமதி மண்டலம் போன்ற இடங்களில் துணி தைத்தும் வானொலிப் பெட்டி ஒன்றுசேர்த்தும் பாடுபட்ட இளம்பெண்களின் கையிலிருந்து வந்தது. அறிவுப் பொருளாதாரத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்தப் பெண்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இட்ரியின் முதல் கருவிகளை வாங்கிய நாட்டின் கையிருப்பில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

1974 பிப்ரவரி 7, காலை. தைப்பேயில் சோயாப் பால் விற்கும் ஒரு சிறிய சிற்றுண்டிக் கடை. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சர் சுன் ஒருவர். போக்குவரத்து அமைச்சர், தொலைத்தொடர்புத் துறைத் தலைவர், இட்ரியின் தலைவர் என்று வேறு சிலர். அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஒருவர். அவர் பான் வென்-யுவான், பிரின்ஸ்டனில் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க மின்னணு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். தைவான் எந்தத் தொழிலில் இறங்கலாம் என்று கேட்டார்கள். ஒருங்கிணைந்த மின்சுற்று, அதாவது சிப், என்றார் அவர். எத்தனை காலம் ஆகும்? நான்கு ஆண்டு. எவ்வளவு பணம்? ஒரு கோடி டாலர். அமைச்சர் ஒப்புக்கொண்டார்.

அதற்காகப் பான் தைவானுக்குக் குடிவந்துவிடவில்லை. அவர் அமெரிக்காவிலேயேதான் வாழ்ந்தார். அந்தக் கோடையில் தைப்பேயில் ஓர் ஓட்டல் அறையில் தங்கித் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். பிறகு அமெரிக்கக் கம்பெனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த சீன வம்சாவளிப் பொறியாளர்களைச் சேர்த்து ஒரு தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவை அமைத்தார். குழு பிரின்ஸ்டனில் கூடும். எந்தத் தொழில்நுட்பத்தை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும். தம் நிறுவனமே ஒப்பந்தத்துக்குப் போட்டியிடக்கூடும் என்பதால், இரு பக்கமும் நிற்கக் கூடாது என்று ஆர்.சி.ஏ. வேலையை உதறினார் பான். தைவானிடமும் சம்பளம் வாங்கவில்லை. திறமை என்றால் ஆளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவது என்று நினைக்கிறோம். பான் விஷயத்தில் தைவானுக்குக் கிடைத்தது அவருடைய தீர்ப்பு, அவருடைய தொடர்புகள், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற அறிவு. அவற்றுக்குக் குடியுரிமை தேவைப்படவில்லை.

1976இல் ஆர்.சி.ஏ.யோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. வாங்கியது ஏழு மைக்ரான் அளவிலான சி-மாஸ் என்னும் சிப் தொழில்நுட்பம். அன்றைய கணக்கிலேயே முன்னணியில் இருந்ததல்ல. ஆர்.சி.ஏ. அந்தத் தொழிலிலிருந்து மெல்ல ஒதுங்கிக்கொண்டிருந்தது, ஆகவே கற்றுக்கொடுக்கத் தயங்கவில்லை. பழைய சரக்கை வாங்குகிறார்கள் என்று அன்றைக்கு விமரிசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் உயிர் இயந்திரத்தில் இல்லை, பயிற்சியில் இருந்தது. முதல் அணியாகப் பத்தொன்பது இளம் பொறியாளர்கள் அமெரிக்கா போனார்கள். வடிவமைப்புக்கு இத்தனை பேர், உற்பத்திக்கு இத்தனை பேர், சோதனைக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, அமெரிக்காவில் நல்ல வேலை கிடைக்கும் என்று தெரிந்தும் இட்ரிக்கு வந்த ஷி சின்-டாய் இருந்தார். பின்னாளில் அவர் இட்ரியின் தலைவரானார்.

1977இல் சின்ச்சூ என்னும் ஊரில் மாதிரித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கைக்கடிகாரச் சிப்புகள் செய்தார்கள். பழுதில்லாமல் வெளிவரும் சிப்புகளின் விகிதத்தில் மாணவர்கள் விரைவிலேயே ஆசிரியரான ஆர்.சி.ஏ.யை முந்தினார்கள்.

இதற்கடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் கவர்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஆள் சேர்த்த நிறுவனம், அந்த ஆட்களைத் தன்னிடம் கட்டிவைக்கவில்லை. 1980இல் யு.எம்.சி. என்ற கம்பெனியாகத் தொழில்நுட்பமும் ஆட்களும் வெளியே போனார்கள். 1987இல் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் கம்பெனி தொடங்கியபோது இட்ரி தன் புதிய தொழிற்கூடத்தையும் அதில் வேலை பார்த்தவர்களையும் சேர்த்தே கொடுத்தது. ஒவ்வொரு முறையும் கை காலியாகும். மறுபடி ஆள் எடுத்து, மறுபடி பயிற்றுவிப்பார்கள். ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆட்கள் விலகிப்போவதை நாம் இழப்பு என்று ஆண்டறிக்கையில் எழுதுவோம். அங்கே அது சாதனைப் பட்டியலில் வந்தது.

நம் நாட்டிலும் சிப் தொழிற்சாலை இருந்தது. மொகாலியில் அரசு நடத்திய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஐந்து மைக்ரான் தொழில்நுட்பம், நல்ல பொறியாளர்கள். 1989 பிப்ரவரியில் தீ விபத்தில் பெரும் சேதம். மீண்டும் எழ ஆண்டுகள் பிடித்தன. விபத்து யாருக்கும் வரும். என் வருத்தம் வேறு. அந்தத் தொழிற்சாலையின் மதிலுக்கு வெளியே, அங்கே பழகியவர்கள் தொடங்கிய பத்துக் கம்பெனிகள் இருந்திருந்தால், ஒரு தீயில் ஒரு நாட்டின் தொழில் நின்றுபோயிருக்காது.

சின்ச்சூவில் 1980 டிசம்பரில் அறிவியல் பூங்கா திறக்கப்பட்டது. இதை நடத்திக் காட்டியவர் ஷு ஷியன்-சியு. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து திரும்பியவர். கொள்கை வகுத்துப் பணம் ஒதுக்கியவர்களில் முதன்மையானவர் லீ குவோ-டிங். இடம் யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு பல்கலைக்கழகங்கள் நடந்துபோகும் தொலைவு, இட்ரி பக்கத்தில். ஐந்தாண்டு வரிச்சலுகை கொடுத்தார்கள். வரிச்சலுகையை எந்த நாடும் கொடுக்கும். அதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. 1983இல் அங்கே ஒரு பள்ளி தொடங்கினார்கள், அதைப் பற்றிப் பேச வேண்டும்.

கலிஃபோர்னியாவில் பதினைந்து ஆண்டு வாழ்ந்த ஒரு பொறியாளரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. சீன எழுத்து தெரியாது. தைவானின் போட்டித் தேர்வுப் பள்ளிகளில் அவளைச் சேர்த்தால் முதல் மாதத்திலேயே துவண்டுபோவாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளியில் ஆங்கிலமும் சீனமும் சேர்ந்த இருமொழிப் பிரிவு ஒன்றை வைத்தார்கள். பக்கத்திலேயே குடியிருப்பு. திரும்புவதா வேண்டாமா என்பதை ஒரு குடும்பம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசும்போது, சம்பளத்தைவிடப் பிள்ளையின் பள்ளிதான் பேச்சில் முன்னால் வரும். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1985ஆம் ஆண்டு. மோரிஸ் சாங்குக்கு அப்போது 54 வயது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிப் கம்பெனியில் 25 ஆண்டுகள் உழைத்து, உச்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றுபோய், வெளியேறியவர். அவரை இட்ரியின் தலைவராக அழைத்தார்கள். அவர் நிங்போவில் பிறந்து, போர்க்காலச் சீனாவில் ஊர் ஊராக வளர்ந்து, 1949இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். தைவானில் அவர் அதற்குமுன் வாழ்ந்ததே இல்லை. ஊர்ப்பாசம் அவரை இழுத்தது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் அவருக்குக் கிடைக்காத அளவு பெரிய வேலை அங்கே இருந்தது.

அவர் கண்ட வழி எளிமையானது, துணிச்சலானது. சொந்தமாகச் சிப் வடிவமைத்து விற்பதில்லை. மற்றவர் வடிவமைத்ததைச் செய்துகொடுப்பது மட்டுமே தொழில். இன்டெலும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் முதலீடு செய்ய மறுத்தன. டச்சு நிறுவனமான பிலிப்ஸ் 27.5 விழுக்காடு போட்டது. ஏறத்தாழப் பாதி அரசுடையது. மீதியை உள்ளூர்த் தொழிலதிபர்கள், அரசு வற்புறுத்தியதால் தயக்கத்தோடு போட்டார்கள். இப்படித்தான் டி.எஸ்.எம்.சி. பிறந்தது. செய்துகொடுக்க ஒருவர் இருக்கிறார் என்றதும், தொழிற்சாலை கட்டப் பணமில்லாத சின்னச் சின்ன வடிவமைப்புக் கம்பெனிகள் கலிஃபோர்னியாவிலும் தைவானிலும் முளைத்தன. சிலிக்கன் பள்ளத்தாக்கில் மேலே ஏற முடியாமல் தடுமாறிய ஆசியப் பொறியாளர்களுக்கு, ஊருக்குப் போய்த் தொடங்க ஒரு தொழில் கிடைத்தது. 1980களில் மெதுவாக வந்தவர்கள் 1990களில் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வராதவர்களும் அறுந்துபோகவில்லை. 1989இல் கலிஃபோர்னியாவில் அவர்கள் மான்ட்டி ஜேட் என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டு இரு கரைக்கும் போய்வந்தார்கள். இந்தப் போக்குவரத்தை அன்னாலீ சாக்ஸீனியன் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். 1980க்கும் 1998க்கும் இடையில் சிலிக்கன் பள்ளத்தாக்கில் தோன்றிய தொழில்நுட்பக் கம்பெனிகளில் 24 விழுக்காட்டைச் சீன, இந்தியப் பொறியாளர்கள் நடத்தினார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னவரும் அவரே.

அதே 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தது. மென்பொருளையும் வடிவமைப்பையும் இந்தியப் பொறியாளர்கள் செய்தார்கள். செய்ததைச் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியை விட்டுப்போன ஒருவர் சின்ச்சூவுக்கு. அந்தக் கம்பெனியே பெங்களூருக்கு. பெங்களூர் வழியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதனால் லட்சக்கணக்கான குடும்பங்கள் நிமிர்ந்தன. பின்னர் 2000இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்ததும் அந்த அலையில்தான். இன்று உலகின் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருப்பதாக நம் அரசே சொல்கிறது. ஆனால் எதை வடிவமைப்பது என்ற முடிவு பெரும்பாலும் வேறோர் ஊரில் எடுக்கப்படுகிறது. செய்யும் அறிவு நம்மிடம் குவிந்த அளவுக்கு, தீர்மானிக்கும் பொறுப்பு நம்மிடம் வரவில்லை. அந்தப் பொறுப்பைத் தேடித்தான் நம் பிள்ளைகளில் பலர் இன்னமும் போகிறார்கள்.

இப்போது நான் தள்ளிவைத்த கேள்வி. இதெல்லாம் சர்வாதிகாரத்தால் நடந்ததா?

1981 ஜூலை. சென் வென்-சென், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் உதவிப் பேராசிரியர், வயது 31. விடுமுறைக்கு மனைவியோடும் கைக்குழந்தையோடும் தைவான் வந்திருந்தார். அமெரிக்காவில் ஜனநாயக இயக்கத்துக்கு நன்கொடை திரட்டினார் என்று ராணுவக் காவல் தலைமையகம் அவரை விசாரணைக்கு அழைத்துப்போனது. மறுநாள் தைவான் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் உடல் கிடந்தது. அரசுப் பாதுகாப்பு அமைப்பினரால் அவர் கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2020இல் தைவானின் நீதி ஆணையம் ஒன்று கூறியது.

பூங்கா திறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. வரிச்சலுகை காத்திருந்தது, வீடு காத்திருந்தது. அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு தைவான் மாணவனும் இந்தச் செய்தியைப் படித்தான். திரும்பி வர விரும்பியவர்களில் பலருடைய பெயர் கறுப்புப் பட்டியலில் இருந்தது. ராணுவச் சட்டம் 1987இல் விலக்கப்பட்டது. பெரிய அளவில் ஆட்கள் வந்தது அதற்குப் பிறகு. பனிப்போர் முடிந்து அமெரிக்கப் பாதுகாப்புத் தொழில்களில் ஆட்குறைப்பு நடந்ததும் ஒரு காரணம் என்பார்கள், அதுவும் உண்மை. ஆனாலும் வாய் திறந்தால் ஆபத்து என்ற ஊருக்கு, கேள்வி கேட்கப் பழகிய மனிதன் குழந்தை குட்டியோடு வரமாட்டான். வேலையும் பள்ளியும் போலவே இதுவும் கட்டி முடிக்க வேண்டிய ஒன்று.

ஆர்.சி.ஏ. கதைக்கும் மறுபக்கம் உண்டு. சிப் நுட்பம் கற்றுக்கொடுத்த அதே நிறுவனம் தாவ்யுவானில் 1970 வாக்கிலிருந்து ஒரு தொலைக்காட்சி உதிரிபாகத் தொழிற்சாலையை நடத்தியது. நிலத்திலும் நிலத்தடி நீரிலும் கரைப்பான் ரசாயனங்கள் கலந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர், பெரும்பாலும் பெண்கள், புற்றுநோயால் மடிந்தார்கள். தொழிலாளர்களும் குடும்பத்தினரும் தொடுத்த வழக்கில் 2015இல்தான் இழப்பீட்டுத் தீர்ப்பு கிடைத்தது. திருப்பெரும்புதூரிலும் ஓசூரிலும் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் போகும் இந்த நாளில், தாவ்யுவானின் பெயரை நம் தொழில்துறை அதிகாரிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்று தைவானுக்கே ஆள் பஞ்சம். பிறப்பு விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. அதன் பொறியாளர்களைச் சீனாவும் கொரியாவும் இழுக்கின்றன. 2018இலிருந்து அயல்நாட்டுத் திறமையாளர்களுக்குத் தங்க அட்டை என்று ஒரு விசா கொடுக்கிறார்கள். சின்ச்சூவின் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் செய்யும் இந்தியர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் கணிசமாக உண்டு. கல்லூரி விடுதியில் பொங்கல் வைக்கும் அந்தப் பிள்ளைகளிடம் ஊருக்கு வருவாயா என்று கேட்டால், வருகிறேன், எங்கே வேலை செய்வது என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் இருக்கும் விடை சங்கடமானது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. விளம்பரம் வந்தாலும் தேர்வு முடிய எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. டாலஸிலோ தைப்பேயிலோ இருக்கும் ஓர் ஆய்வாளர் தன் வாழ்க்கையை நம் கோப்பு நகரும் வேகத்துக்கு நிறுத்திவைக்க முடியாது. முதலீட்டாளர் மாநாட்டுக்குச் செய்யும் ஏற்பாட்டில் ஒரு பங்கை இந்த இடங்களை நிரப்பச் செய்தால் போதும்.

இந்த அறக்கட்டளையின் பெயரால் தமிழக அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பான் அமைத்ததைப் போல ஒரு குழு நமக்கு வேண்டும். வெளிநாட்டில் பணியாற்றும் தமிழ்ப் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் இருபது பேர் போதும். விழா மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பும் குழு வேண்டாம். எந்த ஒரு துறையில் தமிழ்நாடு அடுத்த பத்தாண்டு பணத்தைப் போடுவது, எந்த நுட்பத்தை யாரிடம் வாங்குவது, எந்தப் பத்தொன்பது பேரை எங்கே பயிற்சிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு எழுத்தில் இருக்க வேண்டும். அதன் முடிவை ஆட்சி மாறினாலும் பத்தாண்டுக்குக் கலைக்கக் கூடாது. சட்டமன்றத்தில் இரு பக்கமும் அதற்கு ஒப்ப வேண்டும். பயிற்சி முடித்து வருகிறவர்கள் ஐந்தாண்டில் வெளியேறிக் கம்பெனி தொடங்கினால், பிணைப் பத்திரத்தைக் காட்டி வழக்குத் தொடுக்காமல், முதல் வாடிக்கையாளராக அரசு நிற்க வேண்டும். எந்தத் துறை என்பதில் எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. மின்வாகன மின்கலமா, மருத்துவக் கருவிகளா, கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளா என்பதைக் கேள்வி நேரத்தில் பேராசிரியர்களும் மாணவர்களும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.